விசை இழுக்காத விரல்

அக்டோபர் 3, வெள்ளி

தினமும் பத்து வரி கையால் எழுத வேண்டும் என்று பிசியோதெரபி டாக்டரம்மா சொல்லிவிட்டார். என்ன எழுதுவது என்று கேட்டேன். எதையாவது எழுதுங்கள், விரல் அசைந்தால் சரி என்றார். ஆக, இது விரலுக்காக எழுதுவது. மனசுக்காக என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பெயர் ஜெபசெல்வி. தலைமைக் காவலர். பாளையங்கோட்டையில் எல்லோருக்கும் ஏட்டம்மா. ஜூனில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போன பிறகு கையும் காலும் படுத்துவிட்டன. நரம்பு வியாதி என்று சொல்லி வாயில் நுழையாத பெயர் ஒன்றைச் சொன்னார்கள். கால் எழுந்துவிட்டது. இரண்டு கையும் பாதிதான் எழுந்திருக்கிறது. முழங்கைக்குக் கீழே மரத்துப்போய், யாரோ இரவல் கொடுத்த கை மாதிரி தொங்குகிறது. சரியாகும், எப்போது என்று சொல்ல முடியாது என்கிறார்கள்.

பத்து வரி தாண்டிவிட்டது. துணி ஊறுகிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

பிழிய முடியாததால் போர்வை சொட்டச் சொட்டக் கொடியில் கிடக்கிறது. அவர் வந்து பிழிவார். அவர் என்றால் என் வீட்டுக்காரர் தேவசகாயம். சமாதானபுரத்தில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

இன்று இந்துமதி சாப்பிட வந்தாள். ஞாயிறு என்றால் வருவாள். அவளுக்குத்தான் நான் பாதுகாப்பு. இருபத்துநாலு வயது. வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஆறாவது மாதம் பஸ் நிறுத்தத்தில், அவள் கண் முன்னாலேயே, அவள் அப்பாவும் சித்தப்பாவும் அவனை வெட்டிவிட்டார்கள். அப்பா உள்ளே இருக்கிறார். சித்தப்பா ஜாமீனில் வெளியே. வழக்கில் பார்த்த சாட்சி இவள் ஒருத்திதான். நவம்பர் பதினெட்டு அன்று கோர்ட்டில் சொல்ல வேண்டும். அதுவரை துப்பாக்கியோடு ஒரு போலீஸ் கூடவே இருக்க வேண்டும் என்று உத்தரவு. எங்கள் போலீஸ் குவார்ட்டர்ஸ் பின்னால் மாடி அறையில் இருக்கிறாள். இரவுக்கு வேறு காவலர் உண்டு. இரண்டு வருடமாகப் பகலுக்கு நான்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் வந்து என் வாயில் கஞ்சி ஊற்றினாளாம். எனக்கு நினைவில்லை. பாதுகாப்பில் இருக்கிறவள் ஊர் சுற்றக்கூடாது என்று பிறகு திட்டினேன். டூட்டி வேறு, பாசம் வேறு. எனக்கு டூட்டிதான்.

அவளுக்கு முருங்கைக்காய் சாம்பார் பிடிக்கும். வைத்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

எழுத வேறு ஒன்றும் இல்லாததால் இதை எழுதுகிறேன்.

பிஸ்டலில் குண்டுகள், பிடிக்குள் செருகும் மேகசினில் இருக்கும். மேல் பகுதியைப் பின்னால் இழுத்து விட்டால்தான் முதல் குண்டு குழலுக்குள் ஏறும். அதைத்தான் காக் செய்வது என்போம். குழலில் குண்டு இல்லாமல்தான் இடுப்பில் வைத்திருக்க வேண்டும், ஆபத்து வந்தால் இழுத்துக்கொள்ள வேண்டும். அது விதி. நல்ல கை இருந்தால் கண் சிமிட்டும் நேரத்து வேலை.

எனக்கு இழுக்க வரவில்லை. ஸ்பிரிங் என்னை விடப் பலசாலி. செப்டம்பரில் டூட்டிக்குத் திரும்பிய முதல் நாளே தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. காலையில் அவர் காக் செய்து தருகிறார். அதற்கு முன் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவுவார். எண்ணெய்க் கை, வழுக்கும் என்பார். மாவு அடித்து அடித்து இரும்பான கை. ஒரே இழுப்பு.

"இது சரிதானா செல்வி?" என்று இன்றும் கேட்டார்.

"சரியில்ல. இழுங்க."

விசை நகராதபடி சேஃப்டியைப் போட்டு, உறையின் வாரை மாட்டிவிட்டு, எனக்குச் சட்டைப் பித்தானும் போட்டுவிடுகிறார். பகல் பூராவும் குழலில் குண்டோடுதான் திரிகிறேன். தப்பு. தெரியும்.

அக்டோபர் 14, செவ்வாய்

வருடாந்திர துப்பாக்கிச் சுடும் தேர்வு நவம்பர் பன்னிரண்டு என்று உத்தரவு வந்திருக்கிறது. தேறாவிட்டால் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ஆபீஸில் உட்கார வைத்துவிடுவார்கள். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. எத்தனை பேர் அதற்குத் தவம் கிடக்கிறார்கள்.

இந்துமதியிடம் சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன், வேறு ஆள் வரலாம் என்று.

"வேற ஆள் வந்தா நான் கோர்ட்டுக்கு வரமாட்டேன்க்கா" என்றாள். என் தலையில் பேன் பார்த்தபடி, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"கிறுக்கு மாதிரி பேசாத."

"நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்போ ஒரு ஆள் வந்தாரு. எந்நேரமும் போன்ல யார்ட்டயோ பேசிட்டு இருப்பாரு. எங்க சித்தப்பாட்டதான் பேசுதாரோன்னு நான் மூணு மாசம் தூங்கல. வரமாட்டேன்னா வரமாட்டேன்."

அவள் வராவிட்டால் வழக்கு இல்லை. அப்பாவும் வெளியே வந்துவிடுவார். அதற்குப் பிறகு இவள் எத்தனை நாள் இருப்பாள் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தேற வேண்டும்.

அக்டோபர் 16, வியாழன்

பேச்சித்தாயைப் போய்ப் பார்த்தேன். பயிற்சிக் காலத்தில் என் பக்கத்துக் கட்டில்காரி. இப்போது ஆயுதப்படையில் எஸ்.ஐ., ஃபயரிங் ரேஞ்ச் அவள் பொறுப்பு. பதவி வந்தும் வாய் மாறவில்லை.

"இழுட்டி பாப்போம்" என்று வெறும் பிஸ்டலைக் கொடுத்தாள். இழுத்தேன். அசையவில்லை. அவள் முகம் மாறியது.

"இத வச்சிக்கிட்டா ஒரு புள்ளைக்குக் காவலுக்கு நிக்க? ஒனக்குக் கூறு இருக்கா?"

இல்லை என்றேன். அரைமணி நேரம் ஏசினாள். பிறகு டீ வாங்கிக் கொடுத்தாள். அவள் பயிற்சி கொடுக்கும் ரைஃபிள் கிளப்பில் சக்கர நாற்காலியில் வரும் ஒருத்தி இருக்கிறாளாம், விரல் பிடிமானமே இல்லாமல் மாநிலப் பதக்கம் வாங்கியவள். அவளைப் பார்த்துப் பார்த்துப் பேச்சி கொஞ்சம் வித்தை கற்று வைத்திருக்கிறாள்.

முதலில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் துப்பாக்கியின் பின்புறத்துச் சுத்தியலை அழுத்திப் பின்னால் சாய்த்துவிட வேண்டும். அப்போது ஸ்பிரிங்கோடு சேர்ந்து சுத்தியலையும் தள்ளும் பாரம் குறைந்துவிடுகிறது. அடுத்து, கையை நீட்டி இழுக்கவே கூடாது. பிஸ்டலை நெஞ்சருகே கொண்டுவந்து, இடது கை நாலு விரலையும் மேல் பகுதியில் கொக்கியாக மாட்டி அசையாமல் வைத்துக்கொண்டு, வலது தோளால் துப்பாக்கியை முன்னால் தள்ள வேண்டும்.

"கையால இழுக்காத. தோளால தள்ளு. ஒன் கைதான் செத்துக் கிடக்கு, தோளுக்கு என்ன கேடு?"

சைக்கிள் டியூபை வெட்டிப் பிடியில் மாட்டிவிட்டாள், வழுக்காமல் இருக்க. டிரிக்கருக்கு ஆள்காட்டி விரல் வேண்டாம், நடுவிரல் போடு என்றாள். வீட்டில் தினமும் வெறும் துப்பாக்கியில் டிரிக்கர் இழுத்துப் பழக வேண்டும். அது எனக்கு வீட்டுப்பாடம்.

மேல் பகுதி பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. அதுவே பெரிய விஷயம் என்றாள். எனக்குப் பெரிதாகவும் தெரியவில்லை, சிறிதாகவும் தெரியவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இந்துமதி கதவைச் சாத்திக்கொண்டு டிவியைச் சத்தமாக வைத்திருந்தாள். ஒவ்வொரு வெடிக்கும் என் கை இடுப்புக்குப் போனது. போய் என்ன செய்ய.

அக்டோபர் 23, வியாழன்

மழை. கரண்ட் இல்லை. தோளால் தள்ளுவது முக்கால் தூரம் வருகிறது.

என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு இந்துமதி, "எக்கா, எறும்பு மைய மிதிச்சிட்டு நடந்த மாதிரி இருக்கு" என்றாள். படிக்க முடியவில்லை அல்லவா, அது போதும் என்றேன். ஊறுகாய் பாட்டில் மூடியை அவளே திறந்து கொடுத்தாள். கேட்காமலே திறந்தாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

லீவு நாளில் என் டிரிக்கர் பயிற்சிக்காக அவர் துப்பாக்கியைத் தயார் செய்து வைத்துவிட்டுப் போவார். மேகசினைக் கழற்றி, அதற்குப் பிறகு காக் செய்து வைக்க வேண்டும். குண்டு ஏறாது, டிரிக்கர் மட்டும் தயாராக இருக்கும். இன்று ஒரு கல்யாண ஆர்டர், அவசரமாகக் கிளம்பினார். துப்பாக்கி மேசை மேல் இருந்தது. மேகசின் பக்கத்தில் தனியாக இருந்தது.

எந்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலும் முதலில் இழுத்துக் குழலைப் பார்க்க வேண்டும். அதுதான் எங்களுக்கு அரிச்சுவடி. எனக்குத்தான் முழுதாக இழுக்க வராதே. மேகசின் வெளியே இருக்கிறது, வேறென்ன என்று விட்டுவிட்டேன்.

சேஃப்டியை எடுத்தேன். எதிர்ச் சுவரில் மாதாகோவில் காலண்டர். அதில் பன்னிரண்டாம் தேதியைக் குறி வைத்தேன். அந்தச் சுவர் கோழிக்கூண்டுச் சுவர் மாதிரி, ஒரு செங்கல் கனம்கூடத் தேறாது. அதற்குப் பின்னால் அடுக்களை. அடுக்களையில் இந்துமதி வெங்காயம் உரித்துக்கொண்டு, சேமியா எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நடுவிரலால் இழுத்தேன். பாதி போய் விரல் நின்றுவிட்டது. மறுபடி இழுத்தேன். நடுங்கியது, வரவில்லை. மூன்றாவது தடவை இரண்டு விரலும் போட்டேன். அப்போதும் வரவில்லை. எரிச்சலாக வந்தது. நாசமாய்ப் போன விரல் என்று வாய்விட்டுத் திட்டினேன். சேஃப்டியைப் போட்டு வைத்துவிட்டுச் சேமியாவை எடுத்துக் கொடுக்கப் போனேன்.

அவர் நாலு மணிக்கு வந்தார். இந்துமதி மாடிக்குப் போயிருந்தாள். விரல் இன்றைக்கு வேலை செய்யவில்லை, காக் செய்ததை எடுத்துவிடுங்கள் என்றேன். கையைக் கழுவிவிட்டு வந்து இழுத்தார். உள்ளேயிருந்து ஒரு குண்டு துள்ளி விழுந்து, உருண்டு, ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது.

இரண்டு பேரும் ஃபிரிட்ஜையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நான் மேகசின கழட்டுனேனே" என்றார்.

"கழட்டிட்டு இழுத்தீங்களா, இழுத்துட்டு கழட்டுனீங்களா?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மனுஷன் மாவு பிசைகிறவர். எது முதல், எது பிறகு என்பது அவர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான் தெரிந்திருக்க வேண்டும்.

விளக்குமாற்றை விட்டுத் துழாவி எடுத்தேன். குண்டோடு ஒரு பழைய பேனா மூடியும் கொஞ்சம் ஒட்டடையும் வந்தன. அவர் அழுதார். எனக்கு வரவில்லை. போர்வையை மடித்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

ஃபிரிட்ஜுக்கு அடியில் முழுக்கப் பெருக்கினேன். காலண்டரைக் கழற்றிவிட்டேன். இந்துமதி ஏன் என்று கேட்டாள். ஆணி சரியில்லை என்றேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

இனி அவர் துப்பாக்கியைத் தொடமாட்டார். நான் கேட்கவும் மாட்டேன். குழல் காலியாகத்தான் போகிறேன், விதிப்படி. விதிப்படி போனால் இடுப்பில் இருப்பது இரும்புக் கட்டி.

பேச்சியிடம் நடந்ததைச் சொல்லவில்லை. தினமும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் வெறும் பிஸ்டலை எடுத்து நீட்டினாள்.

நவம்பர் 2, ஞாயிறு

தோளால் தள்ளினேன். முழுதாக வந்தது. குழலைத் திறந்து உள்ளே பார்த்தேன், காலி. மூடினேன். மறுபடி திறந்து பார்த்தேன். அன்றைக்கு இது வந்திருந்தால், என்று நினைப்பு ஓடியது. நிறுத்திக்கொண்டேன்.

பேச்சி விசில் அடித்தாள். சந்தோஷமாக இருந்தது என்று எழுத வேண்டிய இடம் இது என்று தெரிகிறது.

நவம்பர் 7, வெள்ளி

இந்துமதிக்கு அரசு வக்கீல் இன்று சொல்லிக் கொடுத்தார். பஸ் நிறுத்தம், நேரம், யார் கையில் என்ன இருந்தது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். "அப்புறம் உங்க அப்பா என்ன செஞ்சார்" என்றதும் வாய் நின்றுவிட்டது. வெளியே வந்து இளநீர் குடித்தாள். என் தோளில் சாய்ந்திருந்தாள். அந்தக் கனம் தெரிந்தது. தோளில் உணர்ச்சி இருக்கிறது.

நவம்பர் 12, புதன்

தேறிவிட்டேன். முதல் வகுப்பு.

காக் செய்யச் சொன்னதும் சுத்தியலை அழுத்தி, நெஞ்சருகே கொண்டுவந்து, தோளால் தள்ளினேன். மேலதிகாரி இது என்ன புது ஸ்டைல் என்றார். "கை வலுவில்லாதவங்களுக்கு இப்படியும் உண்டு சார், பாதுகாப்பான முறைதான். குறியப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள் பேச்சி, வாய்க்குள் சிரித்துக்கொண்டே. குறியைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

பேச்சி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவர் ஹோட்டலிலிருந்து ஒரு அடுக்கு பரோட்டா கொண்டுவந்தார். இந்துமதி மூன்று சாப்பிட்டாள். "இனி எவனும் ஒங்கள மாத்த முடியாதுல்லா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நவம்பர் 13, வியாழன்

மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தோம். சாலையைக் கடக்கும்போது இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். எப்போதும் அப்படித்தான் பிடிப்பேன். ஒரு பைக், இரண்டு பேர், ஹெல்மெட். எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்தது. அவளை என் பின்னால் இழுத்தேன். வலது கை பிஸ்டலை எடுத்துவிட்டது. நெஞ்சருகே கொண்டுவந்தும் விட்டது.

மாட்டி நிறுத்த இடது கை இல்லை. அது அவளிடம் இருக்கிறது.

விட்டால் அவள் ஓடுவாள், நடுரோட்டில். விடாவிட்டால் துப்பாக்கி வேலை செய்யாது. அப்படியே நின்றேன். பைக்காரன் கையைத் தூக்கிவிட்டான், "எக்கா, எக்கா, தூத்துக்குடி ரோடு எப்படின்னு கேக்கத்தான்..."

வழி சொன்னேன். போய்விட்டான்.

ரேஞ்சில் இரண்டு கையும் எனக்கே சொந்தம். அதனால் தேறினேன். ரோட்டில் ஒரு கை அவளுக்கு. இது யாருக்கும் தோன்றவில்லை, பேச்சிக்கும் எனக்கும்கூட. முதல் வகுப்பு.

நவம்பர் 14, வெள்ளி

டி.எஸ்.பி.யிடம் போய்ச் சொன்னேன். தேர்வில் தேறியவள் ஏன் துப்பாக்கியைத் திருப்பித் தருகிறாய் என்றார். ஒரு கையால் காக் செய்ய முடியாது சார், அந்தப் பெண்ணுக்கு ஒரு கை வேண்டும் என்றேன். நேற்று நடந்ததைச் சொன்னேன். அக்டோபர் இருபத்தாறையும் சொன்னேன். நீளமாகப் பெருமூச்சு விட்டார். விசாரணை வரும் என்றார். வரட்டும். துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டேன். பதிலுக்கு இரண்டு ஆயுதக் காவலர்கள், இரண்டு பேரும் பெண்கள், பேச்சியே பொறுக்கித் தந்தவர்கள்.

இந்துமதியிடம் சொன்னதும் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"நீங்களும் விட்டுட்டுப் போறீங்க."

"ஆமா."

"நான் வரல. எனக்குக் கேஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

காலண்டர் இருந்த இடத்தைக் காட்டினேன். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அந்த ஞாயிறை முழுக்கச் சொன்னேன், சேமியா வரைக்கும். அவள் எழுந்து அடுக்களைக்குப் போய், அன்று உட்கார்ந்திருந்த இடத்தில் நின்று, சுவரைத் தொட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் வரவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கு நல்லது.

வந்து, "துப்பாக்கி இல்லாம வருவீங்களா?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"கூட."

"லீவு போட்டுட்டு வாரேன்" என்றேன்.

நவம்பர் 18, செவ்வாய்

சேலை கட்டிக்கொண்டு போனேன். மடிப்புக்கு ஊக்கு குத்திவிட்டது அவர். ஆயுதக் காவலர்களில் ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால். நடுவில் நாங்கள். இடுப்பு லேசாக இருந்தது, பழக்கமில்லாத லேசு.

கோர்ட் படியில் சித்தப்பா நின்றார், கூட ஏழெட்டுப் பேர். யாரும் ஒன்றும் செய்யவில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான். இந்துமதியின் கால் நின்றுவிட்டது. பிடித்து இழுக்கப் போனேன். என் பிடி என்ன பிடி, வழுக்கிவிட்டது. அவளே என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே ஏறினோம்.

நீதிபதி அனுமதித்ததால் கூண்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். கம்பிக்கு இடையே கையை நீட்டிக்கொண்டு, மதியச் சாப்பாடு வரை சொன்னாள். பஸ் நிறுத்தம், நேரம், யார் கையில் என்ன. "அப்புறம் உங்க அப்பா என்ன செஞ்சார்" என்று கேட்டபோது வாய் நிற்கவில்லை. சொன்னாள். அப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எதிர்த் தரப்பு வக்கீல் குடைந்து குடைந்து கேட்டார். ஒரு இடத்திலும் மாறவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் பார்த்தேன். வலது கையின் பின்புறம் நாலு நகத் தடம். ஒன்றில் ரத்தம் வந்து காய்ந்தே போயிருந்தது. எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தால் இப்படிப் பதியும். அத்தனை நேரமும் பிடித்திருக்கிறாள். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

சோப்புத் தண்ணீர் பட்டால் எரியுமே என்று அவர் ஓடிவந்தார். எரியவில்லை. எரிந்தால் தேவலை என்று இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு, அந்த நாலு தடத்தையும் பார்த்தபடி, ஜூனுக்குப் பிறகு முதல் தடவையாக அழுதேன்.